ஒற்றைக் கையில் வரும் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் சன்னலை ஒட்டி ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை இன்வெர்ட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் அதன்மேல் காப்பித் தம்ளரை வைத்துவிட்டார்; நான் எரிந்து விழுந்ததில் மனிதர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். வீடு துடைக்கும்போது இடக்கையால் அதைத் தூக்கி நகர்த்திவிட்டு வலக்கையால் துடைத்துவிடலாம். அவ்வளவுதான் கனம். பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிட்டாரின் ஓசையைப் பெருக்கி வெளியே விடுகிற ஆம்ப் அது. எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்த, நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிட்டவர் தேடித் தேடி வாங்கியது. தன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை என்று அண்ணியே சொல்லியிருக்கிறார். அவ்வளவு யோசித்தும் அது அவரைக் கவிழ்த்துவிட்டது.

நான் அந்தக் குழுவில் பெண்குரல். நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சுற்றுவட்டத் திருவிழாக்களில் பாடிக்கொண்டிருந்தேன். அண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்தார். தோண்டியெடுத்த நிலக்கரியைச் சுமந்து ஓடுகிற ரப்பர் பட்டைக்குக் காவல். டிரம்ஸ் வாசித்த பாய் மந்தாரக்குப்பத்தில் கைக்கடிகாரக் கடை வைத்திருந்தார். கீபோர்டு வாசித்து எங்களை நடத்தியவரை மாஸ்டர் என்போம். ஒரு கச்சேரியை ஒப்புக்கொள்ளும் முன் மாஸ்டர் கேட்கிற முதல் கேள்வி, அன்றைக்கு அண்ணனுக்கு எந்த ஷிஃப்ட் என்பதுதான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, கண்ணைக்கூட மூடாமல் மாலையில் மேடைக்கு வந்து நின்ற நாட்கள் அவருக்கு உண்டு. பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத சோறு என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் அதே மாஸ்டர் உப்பில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அண்ணனிடம் முன்பு இருந்த ஆம்புக்கு நாங்கள் வைத்த பெயர் மாமனார். தச்சரிடம் சொல்லி, கனத்த பலகையில் இடுப்புயரத்துக்கு அவரே செய்துகொண்டது. உள்ளே சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக ஒற்றை ஸ்பீக்கர். இரண்டு பேர் இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் வேனில் ஏற்றவேண்டும். மேடைக்கு வந்துவிட்டால் பின்னால் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, கச்சேரி முடிகிறவரை எல்லாருக்கும் மேலாக உறுமிக்கொண்டிருக்கும். வேறென்ன பெயர் வைப்பது? "மாமனார ஏத்தியாச்சா?" என்று பாய் கேட்டு, "ஏத்தியாச்சு, பத்தரமா இருக்காரு" என்று அண்ணன் பதில் சொன்னால்தான் எங்கள் வேன் கிளம்பும்.

மேடையில் அண்ணன் செருப்புப் போடமாட்டார். வெறுங்காலோடு மாமனாருக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு பாதத்தின் ஓரத்தைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொள்வார். "இன்னாண்ணே, மாமனார் கால்ல வுழுந்துகினேதான் வாசிப்பீங்களா?" என்று பாய் சீண்டுவார். "மேடை சாமி மாதிரி பாய். செருப்போட ஏறலாமா?" என்பார் அண்ணன். நாங்கள் அதை நம்பினோம். கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டும்போது என்னிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்பார். "இன்னா தங்கச்சி, கேட்டுச்சா?"

கூட்டத்தில் யாரும் பேஸைப் பாராட்டி நான் பார்த்ததில்லை. பாட்டு நன்றாக அமைந்தால் பாடகிக்குக் கைதட்டுவார்கள், நன்றாக இல்லையென்றால் மைக் செட்டைத் திட்டுவார்கள். பேஸ் என்று ஒன்று இருப்பதே அநேகருக்குத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் என்னைக் கேட்டார். "வயித்துக்குள்ள கேட்டுச்சுண்ணே" என்பேன். உண்மையும் அதுதான். மாமனாரின் உறுமல் மேடைப் பலகையில் இறங்கி, என் கால்வழியாக ஏறி, அடிவயிற்றில் வந்து நிற்கும். அங்கிருந்துதான் நான் குரல் எடுப்பேன். அந்தப் பதிலுக்கு அவர் சிரிக்கிற சிரிப்பை போனஸ் வந்த நாளில்கூட அவர் முகத்தில் பார்த்ததில்லை.

நகரியத்தில் யாரும் கிழவராவதில்லை. ஓய்வு பெற்றால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்த விதிதான், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சாவுகூடத் தெரிந்த விதிதான், அதற்காக அழாமலா இருக்கிறோம்? அண்ணனின் முறையும் வந்தது. நெல்லிக்குப்பத்தில் இருந்த பூர்வீக வீட்டை அவர் எப்போதோ தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்தார்கள். வெளிப்பக்கமாக ஏறுகிற குறுகிய படி, நடுவில் ஒரு திருப்பம். பாய் தன் கையால் முழம் போட்டு அளந்து பார்த்துவிட்டு, "மாமனார் மாடி ஏறமாட்டாருண்ணே" என்றார். போதாக்குறைக்கு அண்ணனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இதோடு கிட்டாரை மூட்டைகட்டி வைத்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை. "வேலை போவுது, வூடு போவுது, போவட்டும் தங்கச்சி. இதையும் வுட்டுட்டா நாளிக்கு யாராச்சும் நீ யாருன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றார். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். ஆனால் அந்த மனிதரின் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கயிற்றில் தொங்குகிறது என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அப்படித்தான் எடை குறைந்த ஆம்பைத் தேடத் தொடங்கினார். போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் ஆம்பைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டுக் காட்டுவான்; அதை எங்கள் எல்லாருக்கும் அனுப்பிவைப்பார். பழைய ஆம்பின் கனமெல்லாம் உள்ளே இருக்கிற இரும்புச் சுருளிலும் காந்தத்திலும்தான், இப்போது அந்த வேலையை உள்ளங்கை அகலச் சர்க்யூட் செய்துவிடுகிறது, காந்தமும் பஞ்சு மாதிரி வந்துவிட்டது என்று எனக்கே பாடம் எடுத்தார். "வாட்ஸ் எவ்வளவு இருந்தாலும் பெட்டி சின்னதாப் போனா அடிச்சத்தம் மெலிஞ்சிடுங்க" என்று மாஸ்டர் எச்சரித்தார். அண்ணன் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு கையில் வரவேண்டும், மாடிப்படி ஏறவேண்டும், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிற்கவேண்டும். அதற்குமேல்தான் மற்றதெல்லாம்.

சென்னைக்கு நானும் பாயும் கூடப் போனோம். அண்ணன் அன்றைக்கு மகன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிரூட்டிய கடை, கால் புதைகிற கம்பளம், சுவர் முழுக்கக் கிட்டார்கள். கடைப்பையன் பவ்யமாக, "எந்த மாதிரி மியூசிக் சார், ஜாஸா, ராக்கா?" என்று கேட்டான். "மாரியம்மன் கோயில் தம்பி" என்றார் அண்ணன். பையன் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு ஆம்பாக மாட்டி வாசித்துப் பார்த்தார். எனக்கும் பாய்க்கும் எல்லாமே நன்றாகத்தான் கேட்டன. அண்ணன் மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். "எதுவும் பேச மாட்டேங்குதே பாய்" என்றார். கடைசியில் கடை முதலாளி, பாய்க்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர், இந்தக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்து, வீட்டில் வைத்து வாசித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார். இதைவிட நியாயமாக ஒரு வியாபாரி நடந்துகொள்ள முடியாது.

ஆனால் வீடு எது? மறுநாள் நாங்கள் போனபோது குவார்ட்டர்ஸ் காலியாகிக் கிடந்தது. கட்டில், பீரோ, துணிமூட்டை, அண்ணியின் பாத்திரம் பண்டம் எல்லாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டன. மாமனார் மட்டும் கூடத்தின் ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தது. காலி வீட்டில் கரண்டி விழுந்தால் அண்டா விழுந்த மாதிரி கேட்கும், இது யாருக்கும் தெரிந்ததுதானே? அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, புதுப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில், இரண்டு சுவர் கூடுகிற மூலையில் வைத்தார். அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். கூடம் கும்மென்றது, அடுக்களைச் சன்னல் அதிர்ந்தது, வாசலில் நின்ற எனக்கே வயிற்றில் கேட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அந்த வீட்டில்தான் அவருடைய மகன் தவழ்ந்தான், அந்தத் தரையில்தான் அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து கோரைப்பாய்கூட விரிக்காமல் படுத்துத் தூங்கியிருக்கிறார். வாசித்து முடித்து, "இதுதான். மாமனாருக்குப் பொறந்த புள்ள மாதிரி கீது" என்றார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்தேன்.

மாமனாரைப் பண்ருட்டி மைக் செட்காரர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாலையே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். சாவியை ஒப்படைத்துவிட்டு அண்ணன் புதுப் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் நின்று தூக்கிக் காட்டிக்கொண்டு போனார்.

அந்த ஆம்போடு முதல் கச்சேரி முத்தாண்டிக்குப்பத்தில். பழைய பலகை மேடை போய்க் காங்கிரீட் மேடை வந்திருந்தது, அதன்மேல் சிவப்புக் கம்பளம் வேறு. சின்ன ஆம்பைத் தரையில் வைக்காதே, காதுக்கு நேராகத் தூக்கி வை, அப்போதுதான் வாசிக்கிறவனுக்குத் தெளிவாகக் கேட்கும் என்று வீடியோக்களில் சொல்லியிருந்தார்களாம். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி, பெட்டியை அதன்மேல் வைத்து, பக்கத்தில் வெறுங்காலோடு நின்றார். முதல் பாட்டு பழக்கத்தில் ஓடிவிட்டது. இரண்டாம் பாட்டில், டிரம்ஸ் நின்று பேஸ் மட்டும் தனியாக நடந்து வந்து என்னைச் சரணத்துக்குள் கூட்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பேஸ் வரவில்லை. நான் தனியாகத் தொடங்கிய பிறகு வந்தது, வேறு சுருதியில். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் குனிந்து பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். திருகத் திருக அது கரகரத்தது. அந்த ஊர் மைக் செட்காரர் கீழே இருந்தபடியே தன் ஒலிபெருக்கிகளில் பேஸை முழுதாக அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் கச்சேரி நடந்தது. அண்ணனின் விரல்கள் கம்பிமேல் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தப் பாதிச் சிரிப்பும் இருந்தது. ஓசை மட்டும் மேடையைத் தாண்டவில்லை. கூட்டம் வழக்கம்போலக் கைதட்டியது, வழக்கம்போல விசிலடித்தது. பேஸ் இல்லை என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் முணுமுணுத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இத்தனை காலம் தூக்கமில்லாமல் வந்து நின்றதற்கெல்லாம் அந்த ஊர் போட்ட விலை அது. கச்சேரி முடிந்து நான் வேண்டுமென்றே வயருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணன் வயரைச் சுருட்டினார், பெட்டியை எடுத்தார், வேனில் போய் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து மாடி வீட்டுக்குப் போனேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அண்ணிதான் சொன்னார். "அவருக்குக் காது போயி ரொம்ப நாளாச்சும்மா. மெஷினு, மேடை, வயசு, எல்லாஞ் சேந்துதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. காதுல அடைச்சிக்கக் குடுத்தத இவரு எங்க போட்டாரு? மெஷின் சத்தம் கேட்டாத்தான் மெஷின் நோவு தெரியும்னு பாக்கெட்லயே வெச்சினு இருந்தாரு. வூட்ல நாங்க கத்தித்தான் பேசுவோம்."  இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எப்படித் தெரியாமல் போனது? சுரங்கத்துக்காரர்கள் எல்லாருமே சத்தமாகத்தான் பேசுவார்கள், நகரியத்தில் அது ஒரு குறையே இல்லை. மேடையில் நாங்களும் கத்தித்தான் பேசுவோம். மெதுவாகச் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டிச் சிரித்துவிடுவார், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்வோம். "அந்தப் பெரிய பொட்டி இருந்தவரைக்கும் அவருக்குக் காலுல கேட்டுதும்மா" என்றார் அண்ணி. "பலகையில அதிரும்ல, அத வெச்சிகினேதான் வாசிச்சாரு. இது கையில தூக்குற பொட்டி. இது எங்க அதிரும்?"

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பாயிடம் சொன்னேன், அவர் கடையை மூடிவிட்டு அப்போதே பண்ருட்டிக்கு ஓடினார். மைக் செட்காரர் மாமனாரின் ஸ்பீக்கரைக் கழற்றி எங்கோ மாட்டிவிட்டிருந்தார். பெட்டி அவருடைய மைத்துனர் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. அதில் முந்திரிக்கொட்டை கொட்டி வைத்திருந்தார்கள். பலகையெல்லாம் கொட்டைத்தோலின் எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டதாகப் பாய் வந்து சொன்னார். அடுத்த கச்சேரியில் புதுப் பெட்டியை நாற்காலியிலிருந்து இறக்கி, அண்ணனின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே கிடத்தி வைத்துப் பார்த்தோம். அண்ணன் ஒரு காலை அதன்மேலேயே வைத்து வாசித்துப் பார்த்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு பாய்" என்றார். காதுக்கருவி வாங்கிப் போட்டுப் பார்த்தார். பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டெல்லாம் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பெரிய ஆம்ப் வேறு செய்யலாம் என்று பாய் சொன்னார். யார் தூக்குவது, எங்கே வைப்பது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மாடிப்படியும் அந்த முதுகும் வந்து நின்றன.

மாஸ்டர் கீபோர்டின் இடக்கைப் பக்கத்திலேயே பேஸையும் சேர்த்து வாசித்துக்கொள்ள ஆரம்பித்தார். அண்ணனுக்குப் போன் போவது நின்றுவிட்டது. வேன் கிளம்பும்போது பாய் எதுவும் கேட்பதில்லை. நானும் பாடினேன். பாடாமல் இருந்திருக்கலாமே என்று சொல்லலாம். குழு என்றால் அப்படித்தான், ஒருத்தர் போனால் இன்னொருத்தர் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்வார்கள். குரலை மட்டும் இப்போதெல்லாம் தொண்டையிலிருந்துதான் எடுக்கிறேன்.

கடைசியாக அந்த மாடி வீட்டுக்குப் போனது ஒரு பகல் நேரத்தில். கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்திருந்தார். எந்த ஆம்பும் மாட்டவில்லை. கிட்டாரின் மேல்முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்ற எனக்கு டொக் டொக் என்று கம்பிச் சத்தம் மட்டும் வந்தது. அவருக்கு அது எலும்பு வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். கண் மூடியிருந்தது. காலி குவார்ட்டர்ஸில் வாசித்தபோது இருந்த அதே முகம். என் நிழல் தரையில் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். திருட்டுத்தனமாக எதையோ தின்றுகொண்டிருந்தவர் மாதிரி சட்டென்று வாயை எடுத்து, துண்டால் மரத்தில் இருந்த எச்சிலை அவசர அவசரமாகத் துடைத்தார். அந்தத் துடைப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஓசூரில் மகன் வீட்டுக்கே போய்விடப்போவதாகச் சொன்னார். அங்கே வைக்க இடமில்லை, ஆம்பை எடுத்துக்கொண்டு போ என்றார். "எனக்கு எதுக்குண்ணே?" என்று கத்தினேன். அவர் தலையாட்டிச் சிரித்தார். "தூக்கிப் பாரு தங்கச்சி, ஒத்தக் கையில வரும்" என்றார். தூக்கினேன், வந்தது. அந்தத் திருப்பத்தில் எங்கும் இடிக்காமல், கொஞ்சமும் மூச்சு வாங்காமல் படியிறங்கினேன். அதற்குத்தான் அவர் அதை வாங்கினார்.

ஓசூருக்குப் போன் செய்தால் அண்ணிதான் எடுப்பார். காது கேட்காதவரிடம் போனில் என்ன பேச? நல்லாத்தான் இருக்காரு, சாப்பிடுறாரு, கிட்டாரு மூலையில இருக்கு என்பார். இன்று காலை நான் வீடு துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து அழைப்பு. அண்ணன் ஏதோ கேட்கவேண்டும் என்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டார். நெடுநாள் கழித்து அந்தப் பெருங்குரல் என் கூடத்தில் விழுந்தது.

"தங்கச்சி, அந்தப் பொட்டி இருக்குதா?"

"இருக்குண்ணே!"

"இன்னா சொல்றா?"

"இருக்குதாம்!" என்று அண்ணி கத்தினார்.

"ஓடுதா?"

நான் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அதை ஒருதரம்கூட மின்சாரத்தில் மாட்டியதில்லை. "ஓடுதுண்ணே! நல்லாக் கேக்குது!" என்று என்னால் முடிந்தமட்டும் கத்தினேன்.

"இன்னா சொல்றா?"

"நல்லாக் கேக்குதாம்!"

 பிறகு, அவர் வாழ்க்கையில் பேசியே நான் கேட்டிராத அளவுக்கு மெதுவாக, "யாருக்கு?" என்றார்.

அண்ணி போனை வைத்துவிட்டார்.   தரை பாதி ஈரமாகக் கிடந்தது. பெட்டியை ஒரு கையால் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைத் துடைத்தேன்.